பரணும் வலையும் புகையும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடித்தால் நாமக்கல்லின் வெக்கை பின்தங்கிவிடும். மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் நிழலில் காபிச் செடிகள், சரிவுகளில் அன்னாசியும் மரவள்ளியும். கொல்லிமலையின் 14 ஊராட்சிகளுக்கும் பெயர் ‘நாடு’ என்றே முடியும்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, பைல் நாடு என்று போகும் அந்தப் பட்டியல். கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், மலையாளி என்று அழைக்கப்படும் மலைமக்கள் தலைமுறை தலைமுறையாக உழுது வாழும் நாடுகள் இவை. வார இறுதியானால் இப்போது இங்கே சமவெளியிலிருந்து இளைஞர்கள் கூடாரத்தோடு வருகிறார்கள். ஓடைக்கரையில் தூண்டில் போட்டு, தீ மூட்டி, வானம் பார்த்துப் படுத்து ஓர் இரவைக் கழிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

அவர்களுடைய தாத்தாக்கள் காலத்தில் அப்படியோர் ஆசை யாருக்கும் வந்திருக்காது. மலைக்குப் போனவன் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும், மலைத்தண்ணீர் உடம்புக்கு ஆகாது, குளிரும் நடுக்கமுமாகப் படுக்க வைத்துவிடும் என்பது அடிவார ஊர்களில் பெரியவர்கள் சொல்லிவந்த பேச்சு. மலைக்காய்ச்சல் என்றாலே ஒரு நடுக்கம் இருந்தது. இதாலிக்காரர்கள் கெட்ட காற்றைக் குற்றம் சொல்லி ‘மலேரியா’ என்று பெயர் வைத்தார்கள். நம்மவர்கள் தண்ணீரைக் குற்றம் சொன்னார்கள். இரண்டு கணிப்பில் நம் கணிப்பே உண்மைக்கு நெருக்கமானது. நோய் குடிக்கும் தண்ணீரில் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரின் ஓரத்தில்தான் அது பிறக்கிறது.

கொல்லி என்ற பெயருக்கே கொல்லும் மலை என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. சிரித்து மயக்கி உயிரை வாங்கும் கொல்லிப்பாவையின் கதையோடு அந்த விளக்கத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். பெயர் எங்கிருந்து வந்தது என்று புலவர்கள் வழக்காடட்டும். மலையில் ஆளைச் சாய்த்த ஒரு பாவை உண்மையிலேயே இருந்தது. அதன் உடல் நீளம் அரை சென்டிமீட்டர்கூட இல்லை.

மலைநாட்டு மலேரியாவைப் பரப்பும் முதன்மையான கொசு அனாபிலிஸ் புளூவியாட்டிலிஸ். பெயரிலேயே ஆறு இருக்கிறது. சாக்கடையும் குட்டையும் அதற்குப் பிடிக்காது. தெளிந்து மெல்ல நகரும் ஓடைத் தண்ணீரில், கரைப்புல் சாய்ந்து கிடக்கும் ஓரத்தில் அது முட்டையிடும். கொல்லிமலையில் நிலத்தை மூன்று வகையாகப் பிரித்துப் பேசுவார்கள்: பள்ளத்தில் ஊற்றுநீர் பாயும் நெல் வயல், அதற்கு மேலே மேட்டாங்காடு, சரிவில் கொல்லைக்காடு. வயலுக்கு நீர் கொண்டுவரும் சிறு வாய்க்காலின் புல்லோரத்தில் குனிந்து பார்த்தால் தெரியும்: நீர்ப்பரப்போடு ஒட்டி, கிடைமட்டமாக, நூல்துண்டுபோல ஒரு புழு கிடக்கும். விரல் நிழல் பட்டதும் பின்பக்கமாக விலுக்கென்று நகரும். சாக்கடைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். இது படுத்தே கிடக்கும். மலேரியா ஊழியர்கள் வெள்ளை முகவையில் தண்ணீரை மொண்டு முதலில் பார்ப்பது இந்தக் கிடப்பைத்தான்.

முகாமிட வருகிறவர் கண்ணுக்கு இதே இடம்தான் மலையிலேயே அழகான இடமாகத் தெரியும். தெளிந்த நீர், சமமான தரை, மெத்தென்ற புல். தூண்டில் போடவும் வசதி. இந்த அழகில்தான் ஆபத்து இருந்தது.

மலைமக்கள் இரவில் வெளியே தங்காதவர்கள் அல்லர். தங்கித்தான் ஆகவேண்டும். சாமையும் தினையும் கதிர் பிடிக்கும் காலத்தில் பன்றி வந்துவிட்டால் ஓர் இரவில் ஒரு வருஷத்து உழைப்பு போய்விடும். அதற்காகக் காட்டில் பரண் கட்டிக் காவல் இருப்பது தமிழ் மலைகளின் மிகப் பழைய வழக்கம். சங்கப் பாடல்கள் இந்தப் பரணை இதணம் என்றும் கழுது என்றும் சொல்கின்றன. பகலில் பெண்கள் அதன்மேல் நின்று தட்டையும் குளிரும் ஒலித்துக் கிளி ஓட்டினார்கள். இரவில் ஆண்கள் தீப்பந்தத்தோடு யானையையும் பன்றியையும் விரட்டினார்கள். கொல்லிமலையை ஆண்ட ஓரியின் காலம் அது. பரண் கட்டியது விலங்குக்குப் பயந்துதான். ஆனால் அது இன்னொரு காவலையும் சேர்த்தே கொடுத்தது. ஓடைப் பள்ளத்தைவிட்டு மேலே, காற்று ஓடும் உயரத்தில் படுத்தவனைக் கொசு எளிதில் எட்டுவதில்லை. கொசு வலுவாகப் பறக்க முடியாத பூச்சி. சற்றே வீசும் காற்றுக்கும் அது ஈடுகொடுக்காது.

இதைக் கண்டு எழுதிவைத்தவர் ஒருவர் இருக்கிறார். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்தைப் பற்றி எழுதும்போது கொசுவுக்காகவே ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார். சதுப்புநிலத்துக்கு மேலே வாழ்கிறவர்கள் கோபுரம் போன்ற உயரமான இடத்தில் ஏறித் தூங்குகிறார்கள், காற்றால் கொசு அங்கே பறக்க முடிவதில்லை என்கிறார். சதுப்புநிலத்துக்குள்ளேயே வாழும் மீனவர்கள் வேறு வழி செய்தார்களாம்: பகலில் மீன் பிடித்த அதே வலையை இரவில் படுக்கையைச் சுற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே புகுந்து தூங்கினார்கள். மீன்வலையின் கண்ணி வழியாகக் கொசு நுழையாதா என்று அறிஞர்கள் இன்றும் கேட்கிறார்கள். மீன்பிடிப்பவனின் முதல் கொசுவலை அவன் தோளிலேயே கிடந்தது என்ற அளவில் அந்தக் குறிப்பு அருமையானது. காலம் இதைத் திருப்பியும் போட்டது. ஆப்பிரிக்காவில் மலேரியாவுக்காக இலவசமாகக் கொடுத்த கொசுவலைகளைக் கொண்டு ஏரிகளில் மீன் பிடிக்கிறார்கள். பசித்த வயிற்றுக்கு நாளைய காய்ச்சலைவிட இன்றைய மீன் பெரிது.

பரணும் வலையும் இல்லாத இடத்தில் புகை. நொச்சித் தழையும் வேப்பந்தழையும் பச்சையாகக் கங்கின்மேல் போட்டு மூட்டம் போடுவது தமிழ்நாட்டில் மலை, சமவெளி என்ற வேறுபாடில்லாத வழக்கம். மூட்டம் போடுவதற்கு ஒரு பக்குவம் உண்டு. தழை காய்ந்திருந்தால் குப்பென்று எரிந்து தீர்ந்துவிடும். சாணி வறட்டியைக் கங்காக்கி, அதன்மேல் பச்சைத் தழையை அமுக்கிவைத்தால் எரியாமல் கனியும். கண்ணைக் கரிக்கும் அடர்ந்த வெள்ளைப் புகை தரையோடு ஊர்ந்து போகும். பெரும்பாலும் இதை முதலில் போடுவது மாட்டுக் கொட்டிலில்தான். மாடு வாலை அடித்துக்கொண்டு தவிப்பதை வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். புகை அடங்கும்வரை கொசு விலகி நிற்கும், அவ்வளவுதான். கொசு தேடுவது நம் மூச்சில் வரும் கரியமில வாயுவையும் வியர்வை வாடையையும் உடல் சூட்டையும். புகை அந்தத் தடத்தைக் குழப்புகிறது. திறந்த வெளியில் காற்று திசை மாறினால் அந்தக் குழப்பமும் தீர்ந்துவிடும். நடுராத்திரியில் எழுந்து தழை போட ஆள் இருந்தால்தான் மூட்டம் காவல்.

கொல்லிமலையில் மீன் என்ற பேச்சு வந்தால் அறப்பளீசுவரரைத் தாண்டிப் போக முடியாது. கோயிலருகே ஓடும் அய்யாற்றின் மீன்களை யாரும் பிடிப்பதில்லை. வருகிறவர்கள் பொரி போட்டுவிட்டுப் போவார்கள். மீனைப் பிடித்து அறுத்துச் சமைத்தபோது, அறுபட்ட துண்டுகள் பொருந்தி உயிர்பெற்று ஆற்றுக்குள் துள்ளிப் போயின என்பது தலக்கதை. அறுத்த மீனைப் பொருத்திய ஈசன் என்றே அவரைச் சொல்வார்கள். ஆடி 18 அன்று மலை முழுக்க மனிதத் தலைகள். அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவும் அதையொட்டியே வரும். கோயிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. அதே அய்யாறுதான் அங்கே அருவியாக விழுந்து புளியஞ்சோலை பக்கம் இறங்குகிறது.

பக்தியால் காக்கப்பட்ட மீன் என்ற இந்தச் செய்தியைக் கொசுவோடு சேர்த்தும் பார்க்கலாம். நீரோரத்துச் சிறுமீன்களுக்குக் கொசுப்புழு விருப்பமான தீனி. மலேரியாவைக் கட்டுப்படுத்துவதற்கென்றே 1928இல் இதாலியிலிருந்து கம்பூசியா மீன்களைக் கொண்டுவந்து இந்தியக் குளங்களிலும் கிணறுகளிலும் விட்டார்கள். இன்றும் சுகாதாரத் துறை கிணறுகளில் விடுவது கம்பூசியாவும் கப்பியும்தான். வெளிநாட்டு மீனை ஓடையில் விட்டால் உள்ளூர் மீனும் தவளைக்குஞ்சும் அதற்கு இரையாகும் என்று பின்னாளில் தெரிந்தது. அதனால் ஓடும் நீரில் விடக்கூடாது என்கிறார்கள். உள்ளூர்ச் சிறுமீனை அதன் ஓடையிலேயே வாழவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது. வெடியும் விஷக்காயும் போட்டு ஓர் ஓடையை மீனில்லாமல் ஆக்குகிறவன் அங்கே கொசு வளர்க்கிறான்.

வெள்ளைக்காரர்களின் கதை வேறு. அன்றைய சேலம் மாவட்டத்தின் இன்னொரு மலையான சேர்வராயனில் 19ஆம் நூற்றாண்டிலேயே காபித் தோட்டம் போட்டு ஏற்காட்டைக் கோடைநகரமாக்கினார்கள். கொல்லிமலை அந்த வழியில் போகவில்லை. பாதை கடினம், காய்ச்சல் கொடிது. நீலகிரியில் 1860களில் சின்கோனா மரம் பயிரிட்டு, நடுவட்டத்தில் அரசே கொயினா தயாரித்தது. அந்தக் கசப்புப் பொடி காய்ச்சலைத் தணித்தது. ஆனால் காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அப்போதும் விடை இல்லை.

அந்த விடைக்கான ஒரு திருப்பம் நம் மலையொன்றில்தான் நடந்தது. இந்திய மருத்துவப் பணியில் சென்னை மாகாணப் பிரிவைச் சேர்ந்த ரொனால்ட் ராஸ் 1897 கோடையில் ஊட்டிக்கு விடுப்பில் வந்தார். ஓய்வெடுக்காமல், மலேரியாவுக்குப் பேர்போன சீகூர் சரிவில், கல்லட்டிப் பக்கம் போய்த் தங்கினார். கொசுவலைக்குள்தான் தூங்கினார், சன்னலையும் சாத்தினார். சில நாட்களிலேயே அவருக்கே காய்ச்சல் வந்துவிட்டது. வலைக்குள் தூங்கியும் எப்படி வந்தது? மாலை முழுக்க வலைக்கு வெளியேதானே உட்கார்ந்திருப்போம் என்று இன்று கூடாரத்தில் தங்குகிறவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். ஆனால் ராஸ் வெறுங்கையோடு திரும்பவில்லை. சுவரில் ஒரு விநோதமான கொசு உட்கார்ந்திருந்ததை அங்கே கவனித்தார். சாதாரணக் கொசுபோல முதுகு வளைந்து கிடக்காமல், தலையைச் சுவரில் ஊன்றி வாலை வெளியே தூக்கி நின்றது. சிறகில் புள்ளிகள். சில மாதங்களில் செகந்திராபாத்தில் உசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்கவிட்டது இந்த வகைக் கொசுவைத்தான். ஒரு கடிக்கு ஓர் அணா கூலி. 1897 ஆகஸ்ட் 20 அன்று அந்தக் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியை ராஸ் கண்டார். 1902இல் நோபல் பரிசு வந்தது. தலை தாழ, வால் தூக்கி உட்காரும் அந்த நிலையை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் போதும். சுவரிலும் கூடாரத் துணியிலும் அனாபிலிஸை அடையாளம் காண வேறு படிப்பு வேண்டாம்.

அடுத்த பெரிய மாற்றம் பம்புகளில் வந்தது. 1930களின் இறுதியில், காவிரி-மேட்டூர் பாசனம் புதிதாக நுழைந்த பட்டுக்கோட்டைப் பகுதியில், ராக்பெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் குழுவினர் பைரத்ரம் பூச்சாற்றை வீடுகளுக்குள் தெளித்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார்கள். போருக்குப் பின் டி.டி.டி. வந்தது. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958இல் ஒழிப்புத் திட்டம். திட்டம் தொடங்கும் முன் நாட்டில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்குக் காய்ச்சல், 8 லட்சம் மரணம் என்பது அரசின் மதிப்பீடு. 1965இல் பதிவானது சுமார் 1 லட்சம் பேர்தான்.

மலைக்கிராமத்தில் இந்தப் போர் எப்படி நடந்தது என்பது பலருக்கு நினைவில்லாமல் போய்விட்டது. காக்கி உடுப்பும் கைப்பம்புமாக மருந்தடிக்கிறவர்கள் தலைச்சுமையோடு நடந்து வருவார்கள். பானை, குதிர், பாய் எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் வெள்ளைப் படலம் படியும். தேதியைக் கதவோரம் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மலேரியா ஊழியர் வந்து யாருக்காவது காய்ச்சலா என்று கேட்பார். இருந்தால் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரண்டு இடத்தில் ரத்தம் தொட்டு எடுத்துக்கொண்டு, பெரியவர்களுக்கு நான்கு குளோரோகுயின் மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். ரத்தம் குடித்த புளூவியாட்டிலிஸ் வீட்டுச் சுவரிலேயே உட்கார்ந்து இளைப்பாறும். அதனால்தான் சுவரில் பூசிய மருந்து மலையில் அவ்வளவு நன்றாக வேலை செய்தது. ஆனால் பொங்கலுக்கும் நோன்புக்கும் வீடு மெழுகும் ஊர்கள் நம்முடையவை. மருந்தின்மேல் மண்ணும் சாணியும் பூசியதும் வெள்ளைப் படலம் அடியில் போய்விடும். மூட்டைப்பூச்சி சாகாமல் பெருகிவிட்டது என்று கோபப்பட்டு, அடுத்த முறை வீட்டைத் திறந்துவிட மறுத்தவர்களும் நாடெங்கும் இருந்தார்கள். அந்தக் கோபத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. தூங்கவிடாத பூச்சிதான் ஏழை வீட்டின் முதல் எதிரி.

1976இல் நாட்டில் நோயாளிகள் மீண்டும் 64 லட்சம் ஆனார்கள். கடலுக்கு அப்பால் நடந்தது இதைவிடக் கடுமை. நுளம்பு என்று கொசுவைச் சொல்லும் இலங்கையில் 1934-35 கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். 1963இல் அங்கே மொத்தம் 17 நோயாளிகள் என்ற நிலை வந்தது. கண்காணிப்பு தளர்ந்ததும் 1960களின் கடைசியில் மறுபடியும் லட்சக்கணக்கில் பெருகியது. பிறகு ஊர் ஊராக, நடமாடும் பரிசோதனை வண்டிகளோடு துரத்திப் பிடித்து, 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. அவ்வளவு நீண்ட போரும் நடந்துகொண்டிருந்த நாட்டில் அதைச் செய்து காட்டினார்கள்.

மீன்பிடிப்பும் வெளித்தங்கலும் கொசுவும் ஒன்றாகச் சேரும் இடம் தமிழ்நாட்டில் இராமேசுவரம் தீவு. அங்கே சவுக்குக் கன்றுகளுக்கு நீர் மொண்டு ஊற்றுவதற்காக மணலில் ஆழமில்லாத குழி தோண்டுவார்கள். அடியில் ஊறும் நன்னீர் தெளிவாகத் தேங்கும். அனாபிலிஸ் குலிசிபேசிஸ் முட்டையிட அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கடற்கரை மணலில், ஓலைக் கொட்டகையில், மீன்பாடு உள்ள காலத்தில் இரவு தங்கும் மீனவருக்குச் சுவரே கிடையாது. சுவர் இல்லாதவனுக்குச் சுவரில் அடிக்கும் மருந்தால் என்ன பயன்? வீடு உண்டு என்று வைத்துக்கொண்டு போட்ட திட்டம் வெளியே தூங்குகிறவனைக் காக்கவில்லை. மலையில் பரணில் காவல் இருந்தவனுக்கும் இதே நிலைதான்.

வெளியே தூங்குகிறவனுக்கு உதவியாக ஒரு பொருள் ஜப்பானிலிருந்து வந்தது. உயெயாமா எய்ச்சிரோ 1890இல் பைரத்ரம் பூப்பொடியைக் குச்சியாக உருட்டினார். அது 40 நிமிஷத்தில் எரிந்து தீர்ந்தது. நீளமாக்கினால் ஒடிந்தது. பாம்புபோலச் சுருட்டினால் என்ன என்று 1895இல் கேட்டவர் அவர் மனைவி யூகி. 1902இல் சுருள் விற்பனைக்கு வந்தது. அதன் வம்சம்தான் நம் பெட்டிக்கடைகளில் தொங்கும் கொசுவர்த்தி. மூடிய கூடாரத்துக்குள் அதை ஏற்றக் கூடாது. புகை மூச்சுக்கு ஆகாது, துணியில் பொறி பட்டால் தீப்பிடிக்கும். பூசிக்கொள்ளும் மருந்துகளில் டீட் 1946இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாகி, 1957இல் பொதுமக்களுக்கு வந்தது. தூண்டில்காரர் அதைப் பூசிய விரலோடு நைலான் நரம்பையும் பிளாஸ்டிக் சாமான்களையும் தொடாமல் இருப்பது நல்லது. சில செயற்கைப் பொருட்களை அது இளக்கிவிடும்.

இன்று கொல்லிமலையில் இரவு தங்குகிறவர் அன்றைய மலைக்காய்ச்சலை நினைத்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் எதிரி நேரத்தை மாற்றிக்கொண்டிருக்கிறான். கறுப்பு உடலில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும்; டெங்கு அதன் வழியாக வரும். 2012இல் மட்டும் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கும் மேல் டெங்கு கண்டது. அதற்கு ஓடை வேண்டாம், ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீர் போதும். அன்னாசிச் செடியின் இலைக்கக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு மடக்கு மழைநீர் நிற்கும். ஏடிஸின் காட்டு இனத்துக்கு அதுவே தொட்டில். கீழே லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில், மழைநீர் தேங்கி வெட்டவெளியில் கிடக்கும் பழைய டயரும் அதே வேலையைச் செய்கிறது. மாலையில் வலை கட்டிக்கொள்ளும் முன்னெச்சரிக்கை, காலை ஒன்பது மணிக்குக் காபித் தோட்டத்துக்குள் அரைக்கால் சட்டையோடு நடப்பவருக்குப் பயன்படாது.

அதனால் பழைய காவல்காரனின் கணக்கையே கூடாரத்தோடு வருகிறவர்களும் போட்டுப் பார்க்கலாம். கூடாரம் ஓடையோரப் புல்லில் வேண்டாம். வயல் பள்ளத்தைவிட்டு விலகி, காற்று வரும் மேட்டாங்காட்டில் கட்டலாம், நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு. தூண்டிலைப் பொழுது இறங்கும் முன்பே சுருட்டிவிட வேண்டும். கோயில் துறை மீன் பக்கம் தூண்டில் போகவே கூடாது. முழுக்கைச் சட்டையும் காலை மூடும் கால்சட்டையும், வெளிர் நிறமாக இருந்தால் இன்னும் நல்லது. வலை சதுர அங்குலத்துக்கு 156 கண்ணிகள் உள்ளதாக, விளிம்பு பாய்க்கடியில் செருகியதாக இருக்க வேண்டும். வீடு திரும்பிய பிறகு குளிரும் காய்ச்சலும் வந்தால், மலைக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட்டு ரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும்.

மரவள்ளி பரவப் பரவச் சாமைக்காடு கொல்லிமலையில் சுருங்கிவிட்டது. பன்றி மட்டும் குறையவில்லை. கிழங்கும் அதற்குப் பிடிக்கும். கிழங்கு முற்றும் நாட்களில் இருட்டியதும் சரிவில் தகர டப்பா தட்டும் ஓசை கேட்கும். நாலு கம்பு நட்டு, ஆளுயரத்துக்கு மேலே தட்டி பரப்பி, கூரைக்குப் புல்லோ தார்ப்பாயோ போட்ட பரண். அடியில் கங்கு கனிந்துகொண்டிருக்கும். காவலுக்கு இருப்பவர் போர்வையைத் தலையோடு இழுத்துவிட்டு, ஒரு பச்சைக் கொத்தை ஒடித்துக் கீழே கங்கின்மேல் போடுவார். புகை தட்டியின் இடுக்குகள் வழியாக ஏறிவரும்.